நாலாவது ஏரி

(மூளை நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவர் செய்யூரில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

உப்பளத்தில் வேலை முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே!

ஒரு மனிதரின் நடையைச் சொல்லித் தொடங்குகிறேன். அவரும் உப்பளத் தொழிலாளிதான். அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

உப்பள வரப்பில் நடப்பது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு காலடி அகலம்தான் வரப்பு. இரண்டு பக்கமும் பாத்தி. தலையில் கூடை, காலடியில் ஈர மண், எதிரே கண் கூசும் வெள்ளை. பதினாறு வயதிலிருந்து அந்த வரப்பில் ஓடியே பழகியவர் அவர். 38 வயதில் ஒருநாள் கூடையோடு பாத்திக்குள் சாய்ந்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் மறுபடி சாய்ந்தார். மூன்றாவது தடவை மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "விடியறதுக்கு முன்னாடியே ஊத்திக்கினு வந்துட்டியாடா?"

அவர் குடிப்பவரே இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி அவருக்கு முன்னால் ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த சீசனுக்கு அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

தலைவலி அதற்கும் முந்தியே இருந்திருக்கிறது. விடிகாலையில் எழும்போது தலை கனக்கும். குனிந்தால் இடிக்கும். சில நாள் வாந்தி எடுத்த பிறகுதான் குறையும். "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்றார்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தார். நெற்றிக்குப் பற்றுப் போட்டார்கள். கண்ணாடி மாற்றினார்கள். திருஷ்டி கழித்தார்கள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. என்னிடம் முதல்முறை வந்தபோது நானும் தவறினேன். அதை இந்த மேடையில் மறைக்க மாட்டேன். படுக்க வைத்துக் காலைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். எதிர்த்து அழுத்திப் பார்த்தேன், பலம் இருந்தது. கூடை சுமக்கிற மனிதர், இடுப்பு எலும்புத் தேய்மானமாக இருக்கும் என்று முதுகுத்தண்டு ஸ்கேனுக்கு எழுதினேன். கொஞ்சம் தேய்மானம் இருக்கத்தான் செய்தது. அந்த உழைப்பில் யாருக்குத்தான் இருக்காது? அதையே காரணமென்று முடிவுகட்டி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். நான் செய்யாமல் விட்டது ஒன்றுதான். அவரை எழுந்து நடக்கச் சொல்லவில்லை.

ஏழு மாதம் கழித்து மனைவியோடு வந்தார். அந்த அம்மா அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "சார், ஒண்ணு சொல்லணும். சொல்றதுக்குக் கூச்சமா இருக்கு. ரெண்டு மாசமா இவருக்குப் பாய் நனையுது. எழுந்து போறதுக்குள்ள ஆயிடுது. பசங்க எழுந்துக்கறதுக்குள்ள நான் அலசிப் போட்டுடறேன்."

நான் எழுந்து வெளியே போனேன். வாசலில் அவர் கழற்றி விட்டிருந்த ரப்பர் செருப்பு கிடந்தது. இரண்டு செருப்பிலும் முன்பக்கம் தேய்ந்து, கட்டைவிரல் இருக்கும் இடத்தில் காகிதம்போல ஆகியிருந்தது. குதிகால் பக்கம் தேயவே இல்லை. அவரை நடக்கச் சொன்னேன். எழுந்து நின்றவர் உடனே கிளம்பவில்லை. தரை காலைப் பிடித்துக்கொண்டதுபோல ஒரு கணம் நின்றார். பிறகு கால்களை அகட்டி வைத்து, பாதத்தைத் தூக்காமல், சின்னச் சின்ன அடியாகத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். திரும்பச் சொன்னேன். நீங்களும் நானும் இரண்டு அடியில் திரும்பிவிடுவோம். அவருக்கு எட்டு அடி ஆயிற்று.

அன்றைக்கே தலையை ஸ்கேன் எடுத்தோம்.

அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு உங்கள் ஊர்ப்பக்கமே எனக்கு வசதி. செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சொல்கிறோம். ஒரு ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. கடைசியில் உப்பங்கழி வழியே கடலுக்கு. நம் மூளைக்குள்ளும் அப்படி ஒரு ஏரித் தொடர் இருக்கிறது. மொத்தம் நாலு ஏரி. வலதும் இடதுமாக மேலே இரண்டு பெரிய ஏரிகள். அவை இரண்டும் நடுவிலுள்ள மூன்றாவது ஏரியில் வந்து கலக்கின்றன. அங்கிருந்து ஒரு குறுகிய வாய்க்கால் நாலாவது ஏரிக்கு இறங்குகிறது. நாலாவதிலிருந்து தண்ணீர் மூளைக்கு வெளியே வந்து, மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி ஓடி, கடைசியில் ரத்தத்தில் கலந்துவிடும்.

இந்தத் தண்ணீர் மூக்கில் வருகிற சளி அல்ல. ஊற்றுநீர்போலத் தெளிவானது. ஏரிகளுக்குள்ளேயே இருக்கிற ரத்தக்குழாய்க் கொத்துகள் ரத்தத்திலிருந்து வடித்துக் கொடுப்பது. ஒருநாளைக்கு ஏறத்தாழ 500 மில்லி ஊறுகிறது, நீங்கள் கடையில் வாங்கும் அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு. ஆனால் எந்த நேரத்திலும் உள்ளே நிற்பது 150 மில்லிதான். அப்படியானால் நாளொன்றுக்கு மூன்று நாலு தடவை பழைய நீர் போய்ப் புதுநீர் வந்தாக வேண்டும். ஊறுவது நிற்காது. தூங்கினாலும் ஊறும், பட்டினி கிடந்தாலும் ஊறும். வெளியேறும் வழி மட்டும் அடைபட்டால் என்ன ஆகும்?

அடைபடுவதற்கென்றே அமைந்தது போன்ற இடம் அந்த மூன்றாவது ஏரிக்கும் நாலாவது ஏரிக்கும் நடுவிலுள்ள வாய்க்கால். 17ஆம் நூற்றாண்டில் லெய்டன் நகரில் மருத்துவம் கற்பித்த சில்வியஸ் என்பவரின் பெயரால் அதைச் சில்வியஸ் கால்வாய் என்கிறோம். நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு. அகலம் மில்லிமீட்டர்க் கணக்கில். மூளையிலிருந்து உடம்புக்கு இறங்கும் அத்தனை நரம்புப் பாதைகளும் நெருக்கியடிக்கும் இடத்தின் ஊடாக அது போகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் கால்வாய் குறுகலாக அமைந்துவிடுகிறது. சிலருக்கு வாய்க்காலின் குறுக்கே மெல்லிய சவ்வு ஒன்று.

உப்பளக்காரரின் படத்தில் மேலே மூன்று ஏரிகளும் கரை முட்ட நிரம்பியிருந்தன. நாலாவது ஏரி மட்டும் சின்னதாக, சாதாரணமாக இருந்தது. அதுதான் சாட்சி. மழையால் நிரம்பியிருந்தால் எல்லா ஏரியும் நிரம்பியிருக்கும். மூன்று நிரம்பி நாலாவது நிரம்பவில்லை என்றால் அடைப்பு நடுவில் இருக்கிறது.

இப்போது உங்கள் மனதில் எழும் கேள்வி எனக்குத் தெரியும். பிறவியில் வந்தது என்றால் 38 வயது வரை எங்கே இருந்தது?

முழுசாக அடைபட்ட குழந்தைக்குச் சில மாதத்திலேயே தெரிந்துவிடும். குழந்தையின் மண்டையோடு இன்னும் சேராத பல எலும்புத் தகடுகள். உள்ளே நீர் ஏறினால் தகடுகள் விலகிக் கொடுக்கும், தலை பெருக்கும், உச்சிக்குழி விம்மும். ஆனால் கால்வாய் அரைகுறையாக அடைந்திருந்தால் கதை வேறு. கொஞ்சம் கொஞ்சமாக நீர் கசிந்து போய்க்கொண்டிருக்கும். ஏரி அகலமாகும்; மூளை அதற்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்ளும்; வரவும் செலவும் ஒருமாதிரி சமமாகி நிற்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போகும், வேலைக்குப் போகும், கல்யாணம் ஆகும். பிறகு நடுவயதில், தலையில் பட்ட ஒரு சின்ன அடியாலோ, ஒரு காய்ச்சலாலோ, வயதோடு மூளைத் திசுவின் நெகிழ்வு குறைவதாலோ அந்தச் சமநிலை குலைகிறது. பலருக்கு இன்னது என்று ஒரு காரணத்தைக் கைகாட்டவே முடிவதில்லை. 2000, 2001 ஆண்டுகளில் ஜப்பானிய மருத்துவர் ஓயி குழுவினரும், ஃபுகுஹாரா, லூசியானோ என்ற இருவரும் பெரியவர்களிடம் தலைகாட்டும் இந்த நோயைத் தனியாக எடுத்து விவரித்து எழுதினார்கள். அதற்கு முன்னும் நோய் இருந்தது. அதற்கென்று தனிப் பெயர் பரவலாகவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர்களில் சிலருக்குத் தலை சற்றுப் பெரிதாக இருக்கும். உப்பளக்காரரைச் சின்ன வயதில் "மண்டையா" என்றுதான் கூப்பிட்டார்களாம். இதைக் கேட்டுவிட்டு நாளைக்குத் தெருவில் யார் தலை பெரிது என்று அளக்கக் கிளம்பிவிடாதீர்கள். பெரிய தலை பரம்பரையாகவும் வரும், அதில் ஒரு குறையும் இல்லை. காலையில் தலைவலியும் நடையில் தடுமாற்றமும் சேர்ந்து வந்தால் மட்டும் அந்தப் பழைய பட்டப்பெயர் மருத்துவருக்கு ஒரு தடயம்.

வெளியே தெரியாமல் இது எவ்வளவு காலம் உள்ளே இருக்கும் என்பதற்கு ஒரு சான்று. பிரான்சில் மார்செய் நகரத்து அரசு அலுவலர் ஒருவரின் வரலாற்றை 2007இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. 44 வயது, மனைவி, இரண்டு பிள்ளைகள். இடது காலில் லேசான பலவீனம், அதுவும் இரண்டு வாரமாகத்தான், என்று மருத்துவமனைக்கு வந்தார். ஸ்கேன் எடுத்தவர்கள் அதிர்ந்து போனார்கள். மண்டைக்குள் பெரும்பகுதி நீர்தான். மூளை ஓரமாக ஒரு தகடுபோல ஒதுங்கியிருந்தது. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே அவருக்கு அடைபட்ட நீரை வடிக்கக் குழாய் வைத்திருந்தார்கள். பதினாலு வயதில் கால் தடுமாறியபோது அதைச் சரிசெய்தார்கள். அதன்பின் முப்பது ஆண்டு அந்த மனிதர் தன் பாட்டுக்கு உத்தியோகம் பார்த்தார். அவருடைய அறிவுத்திறன் அளவு 75, சராசரிக்குக் குறைவுதான். ஆனால் குடும்பம் நடத்தினார், வேலை பார்த்தார். மறுபடி சிகிச்சை செய்த சில வாரங்களில் கால் சரியாயிற்று. ஸ்கேன் படம் மட்டும் மாறவே இல்லை.

இதை அப்போது "மூளையே இல்லாமல் வாழ்ந்த மனிதர்" என்று பலர் எழுதினார்கள். அப்படி எழுதியது தப்பு. மூளை இருந்தது. நெருக்கப்பட்டு, ஒதுக்கப்பட்டு, அப்படியும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒரு மனிதர் வேலைக்குப் போகிறார், சிரித்துப் பேசுகிறார் என்பதை வைத்து உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது என்பதுதான் அந்த மார்செய்க்காரர் நமக்குக் காட்டுவது.

கால் ஏன் முதலில் பாதிக்கப்படுகிறது? மூளையின் முன்பகுதியிலிருந்து காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் உத்தரவு கொண்டுபோகும் நரம்பிழைகள் அந்தப் பெரிய ஏரிகளின் கரையை ஒட்டியே போகின்றன. கரை விரிய விரிய அந்த இழைகள் இழுபடுகின்றன. அதனால்தான் காலில் பலம் இருந்தும் நடை கெடுகிறது. புத்தி தெளிவாக இருந்தும் ஒண்ணுக்கு அடக்க முடிவதில்லை. பிறகு மறதி, மந்தம், எதிலும் நாட்டம் இல்லாமை. சிலருக்குக் கண்மங்கல், கண் மருத்துவர் விழித்திரையைப் பார்க்கும்போதே நரம்பு வீங்கியிருப்பதைக் கண்டுபிடித்து எங்களிடம் அனுப்பிவிடுவார். மூன்றாவது ஏரி விம்மி, பக்கத்திலுள்ள சுரப்பியை அழுத்துவதால் சில பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோவதும் உண்டு.

நம் மொழி நமக்கு இங்கே ஒரு சின்னப் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறது. "தலையில நீர் கோத்திருக்கு" என்றால் நமக்கு அது சைனஸ், ஜலதோஷம். ஆவி, பற்று, நீர்க்கோவை மாத்திரை. அந்த நீர் முகத்து எலும்பின் பொந்துகளில் சேர்வது. நான் சொல்லும் நீர் மண்டைக்குள்ளே, மூளையின் நடுவில் இருப்பது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எங்கள் மருத்துவமனைகளிலும் "மூளையில் நீர் கோத்திருக்கிறது" என்று அதே சொல்லைத்தான் சொல்கிறோம். கேட்பவர் "அட, அதுதானா" என்று நிம்மதியாகி வீட்டுக்குப் போய்விடுகிறார். இது சொல்லால் வரும் ஆபத்து. நாள்பட்ட அழுத்தத்தால் மூளைநீரே மூக்கு வழியாகத் தெளிந்த தண்ணீராகச் சொட்டுவது அபூர்வமாக நடக்கும். அதையும் மூக்கொழுகல் என்றே நினைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மருத்துவர்கள் "மூளைநீர் வழி அடைபட்டிருக்கிறது" என்று சொல்லட்டும். கேட்பவர்களும் எந்த நீர் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பெரியவர் ஒருவருக்கு ஏரிகள் நிரம்பியிருந்தால் அதைப் பிறவி அடைப்பு என்று உடனே முடிவு கட்டக்கூடாது. நம் நாட்டில் காசநோய் மூளை உறையைத் தாக்கி நீரோட்டத்தை அடைப்பது மிகச் சாதாரணம். அதற்குக் குழாய் வைத்தால் யாருக்குப் பலன் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று தரம்பிரித்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் உலகம் பயன்படுத்துகிறது. கால்வாயின் பின்சுவரில் மெதுவாக வளரும் சிறு கட்டி ஒன்றும் இதே மாதிரி வேஷம் போடும். நாடாப்புழுவின் நீர்க்கட்டியும் போடும். அதனால் சாதாரண ஸ்கேன் போதாது, எம்.ஆர்.ஐ. வேண்டும். அடைப்பு இருக்கும் ஆளுக்கு, ஸ்கேன் பார்க்காமல் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கவும் கூடாது. மேலே அழுத்தம் நிற்கும்போது கீழே மதகைத் திறந்தால் மூளையே கீழ்நோக்கி இறங்கி உயிருக்கு ஆபத்தாகும்.

இந்தப் படங்கள் இல்லாத காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சீர்காழியில் பிறந்த ராமமூர்த்தி தொடங்கினார். அவர்கள் கையில் சி.டி. ஸ்கேன் கிடையாது, மனிதர் ஒருவரின் மூளையை அது முதன்முதலாகப் படம் பிடித்ததே 1971 அக்டோபரில், லண்டனில்தான். அதற்கு முன்னெல்லாம் மண்டையில் துளையிட்டு ஏரிக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். காற்று போன இடம் கறுப்பாகத் தெரியும். நோயாளி தலைவலியில் துடிப்பார். அப்படித் தேடிக் கண்டுபிடித்ததை இன்று பத்து நிமிடத்தில், வலியே இல்லாமல் படுத்திருந்தே பார்த்துவிடலாம். இவ்வளவு எளிதாகிவிட்ட காலத்திலும் ஒரு மனிதர் மூன்று வருஷம் குடிகாரன் பட்டம் சுமக்கிறார் என்றால், குறை கருவியில் இல்லை.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். மதுராந்தகம் ஏரியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஏரி காத்த ராமர் கதையும் தெரியும். கரை உடையப்போகிறது என்று கலெக்டர் பிளேஸ் துரை மழையில் நடுங்கி நின்ற இரவு. கரையை எது காக்கிறது? கலங்கல். அளவுக்கு மேல் வரும் நீரைக் கரைக்குச் சேதமில்லாமல் வெளியே விடும் வழி. வாய்க்கால் அடைந்துபோனால் ஏரிக்குப் புதிதாக ஒரு கலங்கல் கட்டிவிடலாம் அல்லவா? அதைத்தான் செய்கிறோம்.

மயக்கம் கொடுத்து, நெற்றிக்கு மேலே, நடுக்கோட்டிலிருந்து சற்று வலப்பக்கம் தள்ளி, ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக மண்டையோட்டில் ஒரு துளை. அதன் வழியே பென்சிலைவிட மெல்லிய எண்டோஸ்கோப். திரையில் முதலில் பெரிய ஏரி தெரியும். உள்ளே அப்படி ஒரு தெளிவு. சிவந்த ரத்தக்குழாய்க் கொத்து பாசிபோல அசையும். அது போகும் திசையைப் பிடித்துப் போனால் மூன்றாவது ஏரியின் வாசல். அதற்குள் நுழைந்து கீழே பார்த்தால் தரை தெரியும். நீர் அழுத்தி அழுத்தி அந்தத் தரை கண்ணாடிக் காகிதம்போல மெலிந்திருக்கும். பின்னால் இரண்டு வெள்ளை மேடுகள், பக்கத்தில் பக்கத்தில், இரண்டு முத்துப்போல. அதற்கு முன்னால், நட்ட நடுவில்தான் துளையிட வேண்டும். தரைக்குக் கீழே மூளைத்தண்டுக்கு ரத்தம் கொடுக்கும் பெரிய தமனி துடிப்பது மங்கலாகத் தெரியும். அதைத் தொட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இடத்தில் நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

உப்பளக்காரருக்கும் அப்படித் துளையிட்டு, சின்ன பலூனை உள்ளே விட்டு ஊதி, துளையைப் பெரிதாக்கி எடுத்தோம். எடுத்த மறுகணம் அதுவரை இறுகி நின்ற அந்தத் தரை கொடித்துணி காற்றில் ஆடுவதுபோல ஆட ஆரம்பித்தது. இதயம் துடிக்கத் துடிக்க நீர் அந்தப் புது வழியில் போய் வந்துகொண்டிருந்தது. கலங்கல் பாய ஆரம்பித்துவிட்டது.

1923இல் பாஸ்டனில் மிக்ஸ்டர் என்பவர் சிறுநீர்ப்பாதையைப் பார்க்கும் கருவியைக் கொண்டு ஒரு குழந்தைக்கு இதை முதன்முதலாகச் செய்தார். கருவியின் வெளிச்சமும் பார்வையும் போதாததால் பல பத்தாண்டுகள் அது கிடப்பில் கிடந்தது. பெரியவர்களின் கால்வாய் அடைப்புக்கு இன்று இதுதான் பெரும்பாலும் முதல் தேர்வு. உடம்புக்குள் அந்நியப் பொருள் எதுவும் வைப்பதில்லை. பெரும்பாலானோருக்குப் பலன் கிடைக்கிறது.

எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அவர்களுக்கு ஷண்ட் என்கிற குழாய். தலையிலிருந்து தோலுக்கடியில் காதுக்குப் பின்னாலே, கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்குள் நீரைக் கொண்டுபோய் விடுவது. நடுவில் ஒரு வால்வு. 1956இல் அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்ற தொழிற்சாலைத் தொழில்நுட்பர், மூளைநீர் அடைப்பு வந்த தன் மகனுக்காக ராப்பகலாக உழைத்து வால்வு ஒன்றை உருவாக்கினார். குழாய் சிகிச்சை பரவியதற்கு அது பெரிய காரணம். நம் நாட்டுக்கு அந்த வெளிநாட்டு வால்வுகளின் விலை எட்டாது. உத்தரப் பிரதேசத்து ஷாஜகான்பூரில் உருவாகும் சாப்ரா ஷண்ட்தான் நம் அரசு மருத்துவமனைகளில் எத்தனையோ பேர் தலையில் இருக்கிறது. "மலிவு சரக்கு, தாங்குமா?" என்று கேட்கிறவர்களுக்கு உகாண்டாவில் வார்ஃப் என்ற மருத்துவர் பதில் சொல்லியிருக்கிறார். 35 டாலர் சாப்ராவையும் 650 டாலர் வெளிநாட்டு வால்வையும் குழந்தைகளுக்கு வைத்து ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டார். ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

உப்பளக்காரருக்குக் கலங்கலே போதுமானதாக இருந்தது. தலைவலி மறுநாளே போயிற்று. இரண்டாவது வாரம் அந்த அம்மா போனில் சொன்னது ஒரே வரி: "சார், பாய் காஞ்சிருக்கு." நடை திரும்ப மாதக்கணக்கு ஆயிற்று. ஞாபகம் முழுதாகத் திரும்பவில்லை. சில பெயர்கள் இன்னும் அவருக்கு வராது. அவர் மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் அவையும் திரும்பியிருக்கலாம். நான் முதல்முறையே நடக்க வைத்துப் பார்த்திருந்தால், ஏழு மாதமாவது மிஞ்சியிருக்கும்.

உங்கள் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்த நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படை பாடியவர். ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசு பெற்று வருகிறவன் எதிரே வருகிறவனை நிறுத்தி, இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார் என்று சொல்வது. இன்று நானும் வழிதான் சொல்லிவிட்டுப் போக வந்தேன்.

வீட்டில் ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஒருவர் கால் தேய்த்து நடக்க ஆரம்பித்தால், அதோடு விடிகாலைத் தலைவலியோ, சிறுநீர் அடக்க முடியாமையோ, புதிதாக வந்த மறதியோ சேர்ந்தால், குடி என்றும் சோம்பல் என்றும் சொல்லாதீர்கள். மதுராந்தகம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது நேராகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் முன் எழுந்து நடந்து காட்டுங்கள். அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள். "தலைக்கு ஸ்கேன் வேண்டுமா சார்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பாய் நனைவதைக் கூச்சப்படாமல் முதல் நாளே சொல்லுங்கள். அறுபது, எழுபது வயதினருக்கும் இதே மூன்று அடையாளங்களோடு வேறொரு வகை உண்டு, அதற்கும் மருத்துவம் இருக்கிறது. ஆகவே வயதாயிற்று என்று அவர்களையும் விட்டுவிடாதீர்கள். அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உதவும். இல்லாதவர்கள் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துப்போய் இப்போதே பதிந்து வையுங்கள்.

ஏற்கெனவே குழாய் வைத்தவரோ கலங்கல் கட்டியவரோ உங்கள் வீட்டில் இருந்தால், அது எத்தனை வருஷத்துக்கு முந்தியதாக இருந்தாலும் சரி, கடும் தலைவலியோடு வாந்தியும் அசாத்தியத் தூக்கமும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பழைய ஸ்கேன் படங்களையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு அந்த இரவே 108-ஐக் கூப்பிடுங்கள்.